வடக்கன்குளத்துச் சுவர்: விசுவாசம் எட்டாத இடம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1872-ல் வடக்கன்குளத்தில் எழுந்த திருக்குடும்பக் கோயிலைத் தரைப்படமாக வரைந்தால், ஒரு கால்சட்டையைத் தரையில் விரித்துப் போட்டது போல இருக்கும். இடுப்புப் பக்கம் பீடம். அங்கிருந்து இரண்டு மண்டபங்கள் இரண்டு கால்களாகப் பிரிந்து போகும். ஒன்றில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள், மற்றதில் நாடார்களும் பிறரும். வாசல் தனித்தனி, நடுவே சுவர். கால்சட்டைக் கோயில், இரட்டைக்குழல் கோயில் என்றெல்லாம் எழுதியவர்கள் வர்ணித்திருக்கிறார்கள்.

கொஞ்சம் உள்ளே போய் முழங்காலிட்டுப் பார்ப்போம். இரண்டு மண்டபங்களும் பீடத்தில் போய்ச் சேருவதால் எந்தப் பக்கம் இருந்தாலும் பூசை வைக்கும் சாமியார் தெரிவார். அவர் அப்பத்தை உயர்த்துவது தெரியும், மணிச் சத்தம் கேட்கும். அடுத்த மண்டபத்தில் முழங்காலிட்டிருக்கும் ஆள் மட்டும் தெரியமாட்டார். கடவுள் கண்ணில் படவேண்டும், அயலான் படக்கூடாது என்று யோசித்து, கணக்குப் போட்டு, சுண்ணாம்பும் கல்லும் சேர்த்துக் கட்டிய கட்டடம் இது. கடவுளையும் அயலானையும் நேசி என்பதுதானே வேதத்தின் இரண்டு பெரிய கட்டளைகள். முதல் கட்டளைக்குப் பீடம் கட்டிய அதே கொத்தனார் இரண்டாவது கட்டளைக்குக் குறுக்கே சுவர் வைத்தார்.

கிறிஸ்தவர்களின் வாழ்க்கை அவர்கள் அறிக்கையிடும் விசுவாசத்தைப் போல ஏன் இருப்பதில்லை என்ற கேள்விக்கு பிரசங்க மேடையில் தயாராக ஒரு பதில் உண்டு: வெதுவெதுப்பு. ஜெபம் குறைந்துவிட்டது, உலக ஆசை கூடிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்கள் பெருகிவிட்டார்கள். நானும் இந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் வடக்கன்குளத்துக்கு இது கொஞ்சமும் பொருந்தவில்லை. அங்கே இருந்தவர்கள் வெதுவெதுப்பானவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக வேதத்துக்காக, அதாவது கிறிஸ்தவ மார்க்கத்துக்காக, உறவையும் ஊரையும் பகைத்துக்கொண்டவர்கள். தேர் இழுத்தவர்கள், ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் ஒருசந்தி இருந்தவர்கள், பூசை தவறாதவர்கள். கோயிலுக்கே வராதவனுக்குச் சுவர் எதற்கு? அதனால்தான் இந்த ஊரை எடுத்துக்கொண்டேன். பக்தி குறைந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதைவிட, பக்தி நிறைந்த இடத்தில் எது மட்டும் மாறாமல் நின்றது என்று பார்ப்பது உபயோகமானது.

சுவர் இருந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர்

வடக்கன்குளம் இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், இராதாபுரம் பக்கம் இருக்கிறது. மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டினால் அன்றைய திருவிதாங்கூர். இந்த எல்லைக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்த நட்டாலம் நீலகண்டன், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு மனம் திரும்பினார். ஞானஸ்நானம் பெற அவர் எல்லை தாண்டி வந்தது வடக்கன்குளத்துக்குத்தான். 1745 மே 14-ல் பரஞ்சோதிநாதர் என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்ட இயேசு சபைச் சாமியார் பூட்டாரி அவருக்கு லாசரஸ் என்ற பெயரைக் கொடுத்தார். தமிழில் தேவசகாயம்.

அடுத்த ஏழு ஆண்டுகளில் அவர் பட்டதைத் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் மேல் ஆத்திரம் வந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, பிறப்பால் மேல் தட்டில் இருந்த மனிதர் எல்லாச் சாதியாரோடும் சரிசமமாகப் பழகினார் என்பது. 2012-ல் நாகர்கோவிலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்கள். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

ஒரே ஊர், ஒரே வேதம். சாதி பாராமல் பழகியதற்காகப் பகை சம்பாதித்த மனிதருக்கு ஞானஸ்நானம் தந்த ஊரில், சுமார் 125 ஆண்டுகளுக்குப் பிறகு சாதிக்கொரு மண்டபம் வைத்துக் கோயில் கட்டுகிறார்கள். கட்டியவர்கள் அவரை மறந்துவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வது இந்தப் பக்கத்தில் விடாமல் இருந்துவந்த பழக்கம். வணங்கினார்கள். அவர் செய்ததைச் செய்யவேண்டும் என்று மட்டும் யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

யாரும் கேட்கவில்லை என்பதன் கதை

இது பின்னோக்கி 1606-க்குப் போகிறது. அந்த வருடம் இத்தாலிய இயேசு சபைச் சாமியார் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வருகிறார். கடற்கரையில் பரதவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். மதுரையில் ஆள் சேரவில்லை. அது 'பரங்கி மார்க்கம்', சேர்ந்தால் சாதி போய்விடும் என்ற பயம். நோபிலி காவி கட்டினார், சைவம் சாப்பிட்டார், தமிழும் வடமொழியும் படித்தார். வேதத்தில் சேருவதற்குச் சாதியை விடவேண்டியதில்லை, அது குலாசாரம், மதமல்ல என்றார். 1623-ல் ரோமாபுரியும் ஏறக்குறைய அதை ஏற்றது.

நோபிலியைத் திட்டுவது இன்று சுலபம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பூணூலும் குடுமியும் சந்தனமும் மதமா வழக்கமா என்ற கேள்வி நியாயமான கேள்வி. ஒரு தமிழன் கிறிஸ்தவனாக ஐரோப்பியன் ஆகவேண்டியதில்லை என்று அவர் சொன்னதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சிக்கல் எங்கே என்றால், அந்த 'வழக்கம்' என்ற ஒரே பைக்குள் சந்தனத்தையும் தீண்டாமையையும் சேர்த்துப் போட்டுக் கட்டியதில்.

பை ஒருமுறை கட்டப்பட்டதும் அதற்கேற்ற ஏற்பாடுகள் வந்தன. 1640 வாக்கில் மேல்சாதியாருக்கு ஒரு சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்ற வேறு வகைச் சாமியார். 1704-ல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். அதில் ஒரு விதி, சாகக்கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது. குருவானவர்களுக்கு இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால், அதுவரை என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். வீட்டுக்குள் போனால் மற்றவர்கள் குருவையே தீண்டாதவராக ஒதுக்கிவிடுவார்கள், மிஷனே போய்விடும் என்று நாற்பது ஆண்டுகள் வாதம் நடந்தது. கடைசியில் 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஒரு சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார்: பறையர்களுக்கென்று தனியாகச் சாமியார்களை வைத்துக்கொள்ளலாம். தேவசகாயம் வடக்கன்குளத்தில் தலை குனிந்து தண்ணீர் வாங்கியது அதற்கு அடுத்த வருடம்.

ஆக, வேதத்துக்கு வந்த தமிழனுக்கு ஒரு பட்டியல் சொல்லிக்கொடுத்தார்கள். விக்கிரகம் கூடாது, இரண்டாம் தாரம் கூடாது, சோதிடம் பார்க்கக் கூடாது, வெள்ளிக்கிழமை மாமிசம் கூடாது. பட்டியல் நீளமானது, அவன் பெரும்பாலும் அதன்படி நடந்தும் காட்டினான். யாரோடு உண்பது, யாருக்குப் பெண் கொடுப்பது, செத்தால் யார் பக்கத்தில் புதைப்பது என்ற மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. அவன் வாழ்க்கை விசுவாசத்தோடு ஒத்துப்போகவில்லை என்று இன்று சொல்கிறோம். அவனுக்குக் கொடுக்கப்பட்ட விசுவாசத்தோடு அது நன்றாகவே ஒத்துப்போனது.

இது கத்தோலிக்கர் கதை, நாங்கள் வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தோம் என்று சீர்திருத்தச் சபையார் சொல்ல வழியில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனே, அடியோடு விடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, புது மிஷனரிகள் செய்யும் 'கொடுமைகள்' என்று தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எழுதிவைத்திருந்தார். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பண்டிகைக்குப் பூ வைக்கவிடமாட்டேன் என்கிறார்கள், தமிழ்க் கீர்த்தனை பாடவிடமாட்டேன் என்கிறார்கள், இராப்போஜனத்தில் சாதியைக் கலக்கிறார்கள். நான்கும் ஒரே வரிசையில். பூவுக்கும் பாட்டுக்கும் அவர் பேசியது நூற்றுக்கு நூறு சரி, அவர் பாட்டுகளை இன்றும் நாம் பாடுகிறோம். நான்காவதையும் அவர் பூவோடு பூவாகத்தான் பார்த்தார். அதே பைதான், பிடித்திருக்கும் கை வேறு.

இடித்த பிறகு

வடக்கன்குளத்தில் சுவர் 38 ஆண்டுகள் நின்றது. 1910-ல் அங்கே இருந்த பிரெஞ்சுக்காரரான கௌசானல் அடிகளார் அதை இடித்துவிட்டார். நிர்வாகத்தின் பக்கம் இருந்து பார்த்தால் வேலை முடிந்தது. ஒரு நாள் கடப்பாரை வேலை.

சுவரை இழந்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. பிள்ளை, முதலியார் வகுப்புக் கத்தோலிக்கர்கள் ஆயர் மேல் சிவில் வழக்குப் போட்டார்கள். சட்டத் தொகுப்புகளில் 1917-ம் ஆண்டு வழக்காக, மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பெயரில் அது இருக்கிறது. கேட்டது இரண்டு. சுவரைத் திரும்பக் கட்டித் தர ஆயருக்கு உத்தரவிட வேண்டும். பீடத்தில் ஊழியம் செய்யும் உரிமை எங்களுக்கு மட்டுமே என்று அறிவிக்க வேண்டும்.

இந்த மனுவை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். செய்த தப்பு தெரிந்துவிட்டதே என்று வெட்கப்படுகிறவன் கோர்ட்டுக்குப் போகமாட்டான். மறைத்து வைப்பான், சாக்குச் சொல்வான். இவர்கள் வக்கீல் வைத்து, முத்திரைத்தாள் ஒட்டி, கிறிஸ்தவப் பெயரில் கையெழுத்துப் போட்டு, எங்கள் சுவரைக் கொடு என்று கேட்டார்கள். வேலி தாண்டி வந்து பக்கத்து நிலத்துக்காரன் உழுதுவிட்டால் எப்படிக் கேட்போமோ அப்படி. அவர்கள் மனதில் அது பாவக் கணக்கில் இல்லை, சொத்துக் கணக்கில் இருந்தது. வடக்கன்குளத்து வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் முக்கியமாக இதுதான். ஒரு விஷயம் சொத்துக் கணக்குக்குப் போய்விட்டால் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அது வரவே வராது. குடித்ததைச் சொல்வான், கோபப்பட்டதைச் சொல்வான், பூசை தவறியதைச் சொல்வான். பட்டா நிலம் வைத்திருப்பதை எவனாவது பாவமென்று சொல்வானா?

மதராஸ் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. இவர்கள் கேட்பது தீண்டப்படாமல் இருக்கும் உரிமை, அதற்கு மூலம் தீட்டு என்ற ஒன்றைத் தவிர வேறில்லை என்று நீதிபதிகள் பிரித்துக் காட்டினார்கள். கிறிஸ்தவர்களுக்குள் தீட்டு என்பது ஆன்மிகக் கேடாகவோ உலகக் கேடாகவோ ஆகாது. இந்துக்கள் காட்டுவது போல சாஸ்திரத்தையோ ஊறிப்போன வழக்கத்தையோ இவர்கள் காட்டவும் முடியாது.

இதன் விசேஷம் தெரிய இன்னொரு வழக்கைப் பக்கத்தில் வைக்கவேண்டும். சுவர் இடிப்பதற்கு இரண்டு வருடம் முன், 1908-ல், கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைய உரிமையில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அங்கே வழக்கம் ஜெயித்தது. வடக்கன்குளத்தில் வழக்கம் தோற்றது, வாதிகள் கிறிஸ்தவர்கள் என்ற ஒரே காரணத்தால். நீங்கள் எதை விசுவாசிக்கிறீர்கள் என்று கோர்ட்டு அவர்களுக்கே எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.

அந்தியோகியாவில் பேதுரு

சரி, சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால் செய்யவில்லை என்று இதை முடித்துவிடலாமா? அதுவும் பாதிதான். 1910-க்குப் பிறகு சொல்லிக்கொடுத்தார்கள். இன்று எந்த மறைக்கல்வி வகுப்பிலும் சாதி பாவம் என்றுதான் சொல்கிறார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமாபுரி போனபோது இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான ஆன்மிகத்துக்கு ஆபத்து என்று நேராகவே சொன்னார். அறிவு வந்தது. நடப்பு?

தெரிந்தும் செய்யாததற்குப் புதிய ஏற்பாட்டிலேயே ஒரு பழைய நிகழ்வு இருக்கிறது. கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரம். பேதுருவுக்குத் தெரியாததா? கொர்நேலியு வீட்டுக்குள் போய் வந்தவர், கடவுள் பட்சபாதமில்லாதவர் என்று வாய்விட்டுச் சொன்னவர். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்கள், அவர்களைப் பார்த்து பர்னபாவும்கூட. பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பிடித்தார்.

இதில் பேதுருவின் விசுவாசம் மாறியதாகப் பவுல் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், நாலு பேர் என்ன சொல்வாங்க.

கிறிஸ்தவ வாழ்க்கையில் விசுவாசம் எங்கே நன்றாக வேலை செய்தது, எங்கே நின்றுபோனது என்று இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. பள்ளிக்கூடம் வந்தது. பெண் பிள்ளைகள் படித்தார்கள், நர்ஸ் வேலைக்குப் போனார்கள். தோள்சீலை போடும் உரிமைக்கு நாடார் பெண்கள் தெருவில் அடிபட்டு நின்றார்கள். இதெல்லாம் வேதம் கொண்டுவந்த மாற்றம்தான், இல்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் இவை எல்லாம் ஒரு குடும்பத்தை, ஒரு சாதியை மேலே தூக்கிவிட்ட மாற்றங்கள். நாலு பேர் பார்வையில் மதிப்புக் கூட்டியவை. மதிப்பைக் குறைக்கிற இடம் வரும்போது, தனக்குக் கீழே என்று நினைப்பவனோடு பந்தியில் உட்காரவேண்டிய இடம் வரும்போது, பேதுரு மாதிரி மெல்ல எழுந்துகொள்கிறார்கள். வெள்ளாளரிடம் சுவரை இடிக்கச் சொன்ன அதே சமூகங்கள் வேறு ஊர்களில் தங்களுக்குக் கீழே சுவர் வைத்துக்கொண்டதும் இதே கோட்டில்தான் வருகிறது.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளைப் பிரித்து நிற்கும் சுவர் பல ஆண்டுகளாகப் போராட்டப் பொருளாக இருந்துவந்திருக்கிறது. உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள், தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, சவத்தைக் கோயில் பாதையில் கொண்டுபோக விடுவதில்லை, எங்களுக்குத் தனிப் பங்கு, அதாவது தனிக் கோயிலும் சாமியாரும், கொடுங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9-ல் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். வன்னியரும் கத்தோலிக்கர், தலித்துகளும் கத்தோலிக்கர். சண்டை ஜெபமாலை அன்னையின் கோயிலைச் சுற்றி, அதுவும் தவசு காலத்தில். அதே வருடம் மே மாதம் மதுரை உத்தப்புரத்தில் தலித்துகளைப் பிரித்து நின்ற ஒரு சுவரின் ஒரு பகுதியை அரசு இடித்தது, பத்திரிகைகள் நிறைய எழுதின. அந்தச் சுவருக்கு இருபக்கமும் இருந்தவர்கள் சமத்துவத்தை வாரந்தோறும் அறிக்கையிட்டவர்கள் இல்லை.

சட்டம் இதில் ஒரு விநோதமான வேலை செய்கிறது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியார் என்றால் இந்துவாக இருக்கவேண்டும். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்கள் வெளியேதான். மதராஸில் மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் சேருமிடத்தில் நடைபாதையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தபோது அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறிஸ்தவத்துக்குள் வந்த பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985-ல் மனு தள்ளுபடியானது.

வடக்கன்குளத்தில், நீங்கள் கிறிஸ்தவர்கள், உங்களுக்குத் தீட்டு கிடையாது என்று மேலே இருந்தவர்களிடம் சொன்னது கோர்ட்டு. சூசையிடமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. முதல் தடவை அது நியாயமாக விழுந்தது. இரண்டாம் தடவை பசித்தவன் தலையில் விழுந்தது. நம்முடைய விசுவாசப் பிரமாணத்தை நம்மைவிட சர்க்கார் அதிகமாக நம்புகிறது. அந்த ஆணையை மாற்றக் கேட்டு ஆயர்கள் டில்லிக்குப் போகும்போது, எங்கள் கோயில்களில் சாதி இருக்கிறது என்று அவர்களே சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது. ஊர் திரும்பியதும் அதே ஆயர், எங்கள் பங்கில் அப்படி ஒன்றும் இல்லையே ஆண்டவரே என்று சொல்லும் பங்குப் பேரவைக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

ஓலை

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். சுவர் இடிந்து நூறு வருடம் தாண்டிய பிறகு அது எங்கே போய் நின்றுகொண்டது என்பதை அங்கேதான் நான் பார்த்தேன்.

என் சித்தி ஒருத்தி. காலையில் நாலரைக்கு எழுந்து ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பாள். தவசு காலம் 40 நாளும் மீன் கிடையாது. கடற்கரைப் பக்கத்துக்காரிக்கு அது சின்ன விஷயமில்லை. தெருவில் யார் செத்தாலும், எந்த வேதக்காரராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் ஆளாகப் போய் உட்காருவாள். பாசாங்குக்காரி என்று அவளைச் சொன்னால் என் நாக்கு அழுகும்.

அவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான்தான் போனில் வரும் பயோடேட்டாக்களை வாசித்துச் சொன்னேன். ஒரு பையன். நல்ல படிப்பு, பெங்களூரில் வேலை, ஆர்.சி., பங்கில் பாடற்குழுவில் பாடுகிறான், குடிப்பழக்கம் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு சித்தி சொன்னாள்:

"நல்ல பிள்ளதான்யா. ஆனா நம்ம ஆளுக இல்லியே."

"வேதத்துல எல்லாரும் ஒண்ணுன்னு நீங்கதான சித்தி சின்ன வயசுல எனக்கு ஜெபம் சொல்லிக் குடுத்தீங்க?"

"அது வேதம். இது சம்பந்தம்லா."

அதில் தடுமாற்றமே இல்லை. 1606-ல் கட்டிய பை அப்படியே அவிழாமல் அவள் மடியில் இருந்தது. நோபிலி பெயரை அவள் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது.

இன்னொரு பையனும் வந்தான். இந்து, ஆனால் 'நம்ம ஆளுக'. அதற்கு சித்தி யோசித்தாள். ஆயர் அனுமதி வாங்கிக் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாமாமே என்று விசாரித்தாள். உண்மைதான், திருச்சபைச் சட்டத்தில் அதற்கு வழியிருக்கிறது, விண்ணப்பம் இருக்கிறது. மதம் விட்டு மதம் கட்ட ஆயரிடம் அனுமதி வாங்கலாம். சாதி விட்டுச் சாதி கட்ட யாரிடம் அனுமதி வாங்குவது? அந்த அதிகாரம் எந்த ஆயருக்கும் கிடையாது, அது நாலு பேர் கையில் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும். முன்பே கல்யாணமானவனா, கிட்டத்து ரத்த உறவா, இதெல்லாம் தடை. அந்த ஞாயிறுகளில் கோயிலில் இருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், கார் உண்டா என்ற விவரம் தெரியும். ஒருவரும் எழுந்து அறிவிப்பதில்லை. வரதட்சணையும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் இன்னொரு சமாச்சாரம். அதைத் தனியாக எழுதவேண்டும், இங்கே வேண்டாம்.

குருவானவர்கள் இதைப் பேசுவதில்லையா என்று கேட்டால், பேசுகிறார்கள், பொதுவாக. எங்களுக்குத் தெரிந்த ஒரு பங்கில் ஒரு இளம் சாமியார் பேரைச் சொல்லாமல் ஊரைச் சொல்லாமல் கல்லறைத் தோட்டத்தின் இரண்டு வாசல்களைப் பற்றி ஒரு கல்லறைத் திருநாளில் பேசினார். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், பிரசங்கம் நீளம் என்றார்கள். அடுத்த வருட மாற்றலில் அவர் வேறு ஊருக்குப் போனார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு நிச்சயமில்லை. வாசல்கள் இரண்டும் இருக்கின்றன. கௌசானல் கையிலிருந்த கடப்பாரை இன்று எந்தப் பங்குத்தந்தை கையிலும் இருக்கலாம். கோயில் சுவர் மறைமாவட்டச் சொத்து, இடிக்கலாம். சித்தி வீட்டுச் சம்பந்தம் யார் சொத்து?

தேவசகாயத்தைப் புனிதராக்கும் வேலைகள் நடந்தபோது அவர் பெயரோடு இருந்த 'பிள்ளை' என்ற ஒட்டை எடுக்கவேண்டும் என்று சிலர் வத்திக்கானுக்கு எழுதினார்கள். வத்திக்கான் எடுத்துவிட்டது. அறிவிப்பில் அவர் வெறும் தேவசகாயம். சித்திக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. டி.வி.யில் ரோமாபுரியில் நடந்த பூசையைக் கடைசி வரை பார்த்தாள், பார்த்து அழுதாள், தெருவுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். எல்லா வீட்டுக்கும்தான், ஆள் பார்க்காமல்.

அந்த வாரத்திலேயே இன்னொரு பயோடேட்டா வந்தது. போட்டோ, உயரம், சம்பளம், பங்கு எல்லாம் இருந்தது. சாதி போடவில்லை. பையன் பெயர் தேவசகாயம். சித்தி போனை வாங்கி, கண்ணாடியை மாட்டி, மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடினாள்.

"பேரு நல்லாத்தான் இருக்கு. என்ன ஆளுகன்னு போடலியே. ஏய்யா, ஒரு போனப் போட்டுக் கேளு."